நனையாத ஆமை

எதையும் பத்திரப்படுத்தும் பத்திரக்காரர் என்றோர் இனம் உண்டு; தெருவுக்கு ஒருவராவது இருப்பார். புதுச் சோபா வாங்குவார், பாலித்தீன் உறையைக் கழற்ற மாட்டார். சித்திரை வெயிலில் விருந்தாளி எழுந்தால் உறையும் அவர் முதுகோடு சேர்ந்து எழும். கேட்டால், "அழுக்காயிடுமே" என்பார். அப்படியானால் சோபாதான் எதற்கு?

ஸ்ரீரங்கத்து நவநீதன் இந்த இனத்தில் முதல் வரிசை. அவருடைய மகள் கனிஷ்கா ஆறாம் வகுப்பு. மனிதர் போக முடியாத ஆழ்கடலுக்கு மீன், ஆமை மாதிரி ரோபோ செய்து அனுப்புகிறார்கள் என்று பள்ளியில் இன்னாசிராஜ் சார் சொன்னாலும் சொன்னார், பிள்ளை மோட்டாரும் பசையுமாக உட்கார்ந்து, துடுப்படித்து நீந்தும் ஆமை ஒன்றைச் செய்தே விட்டாள். நவநீதனுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை தாங்காதபோது இந்த இனம் என்ன செய்யும்? ஷோகேஸில் வைத்துப் பூட்டும்.

"தண்ணில விட்டுப் பாக்கணும்ப்பா."

"நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னா என்னம்மா பண்றது?"

"கடலுக்குள்ள போறதுக்குத்தான்ப்பா இது!"

"போகட்டும். நனையாமப் போகட்டும்."

பள்ளிக் கண்காட்சி வந்தது. பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர். முந்தின நாளே நவநீதன் ஆமைக்குப் பாலித்தீன் உறை போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தார். தொட்டியில் விட்டால், உறைக்குள் துடுப்புகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஆமை இம்மியும் நகரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். கனிஷ்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், உறையைக் கழட்டிடலாங்களா?" என்றார் இன்னாசிராஜ்.

நவநீதன் ஆமையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு டேப்பைப் பல்லால் கடித்து, உறையைக் கிழித்து, ஆமையை அவள் கையிலேயே கொடுத்தார். அவள் தண்ணீரில் விட்டாள். அது முங்கி, துடுப்பை வீசி, தொட்டியின் மறுகரைக்கு நீந்திப் போனது. கனிஷ்கா குதித்தாள். அவளைவிட உரக்கக் கத்தியவர் அவளுடைய அப்பாதான். அப்படி ஒரு சந்தோஷம் உறை போட்ட எந்தச் சோபாவும் ஒருநாளும் அவருக்குத் தந்ததில்லை.

ஆள் திருந்திவிட்டார் என்கிறீர்களா? பரிசாகக் கண்ணாடித்தாள் சுற்றிய கேடயம் ஒன்று கிடைத்தது. ஸ்கூட்டரில் திரும்பும்போது கனிஷ்கா கேட்டாள்:

"பிரிக்கட்டுமாப்பா?"

"வேண்டாம்மா, தூசி படியும்."

சிரித்தது போதும். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கொஞ்சம் கையில் எடுங்கள், பார்ப்போம். சரசரக்கிறதா?