செடிக்கு வாங்கிய கறி

பெண் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்பார்கள். எதையெல்லாம் கொண்டு போகக்கூடாது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் குமாஸ்தா வேலை, சிராங்கூன் சாலைக்குப் பின்னால் அண்ணன் வீட்டில் ஓர் அறை. அந்த அறையின் சன்னலில் என் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. காட்டோரத்திலிருந்து நான் கொண்டுவந்து வளர்த்த குடுவைச் செடி. இலை நுனியில் மூடி வைத்த சின்னக் குடுவை, உள்ளே கொஞ்சம் நீர். ஈயோ எறும்போ வழுக்கி விழுந்தால் அதுதான் செடிக்குச் சாப்பாடு. மலாய்க்காரர்கள் இதைக் குரங்குப் பானை என்பார்கள். அண்ணி "சனியன்" என்பார்.

பெண் வீடு சுத்த சைவம். நாங்களும் சைவம்தான். (நான் கேக்கைக்கூட, முட்டை இருக்குமோ என்று முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைக்கிற ரகம்.) சிவகாமியின் புகைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு பெண் வேண்டாம் என்றாகிவிட்டது. பூவும் பழமும் எவனும் கொண்டு போவான். நான் செடியையே கொண்டு போக முடிவு செய்தேன்.

குடுவை கொழுகொழுவென்று இருக்க வேண்டாமா? ஈயைத் தின்று எந்தக் காலத்தில் கொழுப்பது? பிறந்ததிலிருந்து முதல் முறையாகத் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை முன்னால் போய் நின்றேன்.

"எவ்வளவு தம்பி?"

"ஒரு விரல் அளவு போதும் பாய்."

"பூனைக்கா?"

"செடிக்கு."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சும்மாவே கொடுத்தார். (பைத்தியத்திடம் காசு வாங்கினால் பாவம் என்று நினைத்திருப்பார்.)

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டுக் கூடத்தில் கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் செடியைப் பெருமையாக வைத்தேன். மின்விசிறி சுழன்றது. சற்று நேரத்தில் ஒரு நாற்றம் கிளம்பியது. முதலில் எல்லோரும் நாகரிகமாக அடுத்தவரைப் பார்த்தார்கள்.

பெண்ணின் அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "எலி ஏதும் செத்துக் கிடக்குதோ என்னமோ, தப்பா நினைச்சுக்காதீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, "நான் தேடுறேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்தேன். எல்லோருமாகச் சேர்ந்து அலமாரியை நகர்த்தினோம். பெண்ணின் மாமா சோபாவுக்கு அடியில் தலையை விட்டார். இல்லாத எலியை என்னைப் போல் சிரத்தையாகத் தேடியவன் உலகில் இருக்க மாட்டான்.

காப்பித் தட்டோடு வந்த சிவகாமி, ஆள் இல்லாத நாற்காலிகளைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். நேரே செடியிடம் போய்க் குடுவையைச் சாய்த்தாள். கறுத்துப்போன துண்டு ஒன்று கேசரிமேல் விழுந்தது.

"எலி இல்லம்மா, கறி."

மாமாவின் தலை சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. "அதானே. வியாழக்கிழமை தேக்காவுல கறிக்கடையில மாப்பிள்ளையைப் பார்த்தேன்லா. வேற யாரோன்னு நினைச்சேன்."

"சுத்த சைவம்னு சொன்னீங்களே?" என்று பெண்ணின் அப்பா அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"செடிக்கு வாங்குனது ஐயா," என்றேன். "இது கறி சாப்பிடும்."

அந்தக் கூடத்தில் ஒருவர்கூட நம்பவில்லை. தினமும் அதைத் திட்டிய அண்ணியே நம்பவில்லை. பெண்ணின் அப்பா எழுந்து வாசல் பக்கம் பார்த்தார். எல்லாம் போச்சு என்று எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"அப்பா," என்றாள் சிவகாமி. "பொய் சொல்றவரா இருந்தா இதைவிட நல்ல பொய்யா சொல்லியிருப்பாரு."

கல்யாணம் நடந்தது. செடியும் கூடவே வந்தது. அதன் வாரிசுகள் இன்றும் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் ஈ எறும்போடு திருப்தியாக வாழ்கின்றன. மாமனார் மட்டும் கடைசிவரை, எந்த விருந்திலும் என் இலையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் இலையில் கை வைப்பார். எங்கள் பிள்ளைகள் எதை ஒளித்துத் தின்று மாட்டிக்கொண்டாலும், "செடிக்கு வாங்குனதுப்பா" என்பார்கள்.

போன வாரம், சர்க்கரை நோய்க்காரனான நான், சட்டைப்பையில் ஜிலேபியோடு சிவகாமியிடம் மாட்டிக்கொண்டேன்.

"செடிக்குத்தானே?" என்றாள்.

தலையாட்டினேன். வாங்கி, முழுவதையும் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.