மடிப்பு கலையக் கூடாது

"அசையாதீங்க!"

ஓவிய மாஸ்டர் போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த புறா அசைந்தது. கிட்டார்க்காரர் அசையவில்லை. ஆனால் கழுத்திலிருந்து பாதம் வரை போர்த்திய வெள்ளைத் துணிக்குள் அவருடைய இடது முழங்கால், "ஒரே ஒரு தடவை சொறிஞ்சு விடு சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

கிட்டார்க்காரருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆயுள் முழுக்க ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கை, முழங்கால், நெற்றியோரம் என்று நல்ல நல்ல இடமாகப் பார்த்து சோரியாசிஸ் குடியேறி, காலி செய்யமாட்டேன் என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தது. அரிப்பு வந்தால் வலது கை தானாக வயிற்றைத் தாண்டிப் போய் இடது முழங்கையை மீட்ட ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்து அவர் மனைவியின் தம்பி வைத்த பெயர்தான் கிட்டார்க்காரர். தெருவே அதைத்தான் சொல்லிக் கூப்பிட்டது.

"இது ஒட்டிக்கிற வியாதி இல்லடா. டாக்டரே சொல்லிட்டார்."

"வியாதி ஒட்டாது அத்தான். பேரு ஒட்டிக்கிச்சே!"

இந்த மைத்துனன் வாயை அடைக்கக் கடவுளாகப் பார்த்து அனுப்பியதுதான் ஓவியப் பள்ளி. உட்கார ஆள் வேண்டும் என்றார்கள், போனார். மாஸ்டர் இவர் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்தார், உட்கார வைத்துத் தரையிலிருந்து தோள் வரை அளந்தார்.

"உயரம் சரியா இருக்கு. ஆடாம உட்காருவீங்களா?"

"ஆயுசு பூரா பெட்டிக்குள்ள உட்கார்ந்தவன் சார் நானு."

"மடிப்பு கலையக் கூடாது. கலைஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. மாணவர்கள் சுற்றி நின்று வரைந்தார்கள். பலகைகள் எல்லாம் இவருக்கு முதுகு காட்டி நின்றன. முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது, முடிந்ததும் எல்லாப் படங்களும் பள்ளியின் முன் ஹாலில் தொங்கும் என்பது ஏற்பாடு.

"முன் ஹால்ல மாட்டப் போறாங்க!" என்று வீட்டில் அறிவித்தார்.

"கண்காட்சிக்கா அத்தான், திருஷ்டிக்கா?"

கிட்டார்க்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இத்தனை வருஷமாக பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் இவர் முழங்கையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றே பயணம் செய்வான். ஊரே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆளை, வகுப்பே உற்று உற்றுப் பார்க்கிறது! ராஜா மாதிரி ஹாலில் தொங்க வேண்டும், அதன் கீழே மைத்துனனை நிறுத்த வேண்டும். அதற்கு ஒரே வழி, அரிப்பை அடக்குவது.

மனைவி களத்தில் இறங்கினாள். "டாக்டர் குடுத்த களிம்பு அது பாட்டுக்கு இருக்கட்டுங்க. கூடவே இயற்கையும் ஒரு கை பார்க்கட்டும்" என்றாள்.

முதலில் ஓட்ஸ். ஓட்ஸைப் பொடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அவரை அதில் ஊறவைத்தாள். சுகமென்றால் சுகம், அப்படியொரு சுகம்! தொட்டியிலேயே தூங்கிவிட்டார். எழுந்தபோது நேரமாகிவிட்டது. அலசாமல் துடைக்காமல் ஓடிப் போய் உட்கார்ந்தார். ஓட்ஸ் காய்ந்தது, வெடித்தது, அப்பளமாக உதிர்ந்தது. ஜன்னல் புறா இறங்கி வந்து இவர் கால்மாட்டில் பந்திக்கு உட்கார்ந்தது. பொறுக்கித் தின்றது போதாமல் கட்டைவிரலையும் ருசி பார்த்தது.

"ச்சூ!" என்று கால் உதறினார்.

"மடிப்பு! மடிப்பு!" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். "குளிச்ச ஈரத்தோட தடவணுமாம், கொஞ்சமா" என்று மனைவி சொன்னதில், 'கொஞ்சமா' மட்டும் இவர் காதில் விழவில்லை. ஒரு யானையைத் தாளிக்கிற அளவுக்கு ஊற்றிக்கொண்டு போனார். துணி உடம்போடு ஒட்டியது. இவரோ பெஞ்சோடு ஒட்டாமல், சறுக்குமரத்தில் குழந்தை இறங்குவதுபோல மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து இல்லாத பளபளப்பு இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று மாஸ்டர் கத்தினார்.

கிட்டார்க்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

எண்ணெய் சரிப்படவில்லை என்றதும், கற்றாழைச் சோற்றில் மஞ்சளைக் குழைத்துப் பூசி அனுப்பினாள் மனைவி. மதியத்துக்குள் மாஸ்டர் அலறினார்.

"ஐயையோ! எப்படி இருந்த வெள்ளை! இப்படி மஞ்சளாயிடுச்சே!"

கிட்டார்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தாய்கூட அவரை வெள்ளை என்று சொன்னதில்லை.

"இதுதான் கடைசி எச்சரிக்கை. நாளைக்கு முடிக்கிறோம். மடிப்பு கலைஞ்சுது, எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

அன்று மாலை மனைவி வேறு ஆராய்ச்சி முடிவோடு வந்தாள். "எதுவும் பூச வேண்டாங்க. குளிர்ச்சிதான் அரிப்புக்கு எதிரி. ஐஸை அப்படியே வைக்கக் கூடாது, ஈரத்துண்டுல சுத்தி வைக்கணும்."

மறுநாள் காலை பையில் ஐஸ், பைக்கு மேல் ஈரத்துண்டு, இரண்டு முழங்காலிலும் கட்டு. கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு அக்கறையாக முடிச்சுப் போட்டதில்லை.

ஆகா! துணிக்குள் பனிமலை இறங்கியது. அரிப்பு வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. கிட்டார்க்காரர் நெற்றியை நிமிர்த்தி, ராஜகளையை வரவழைத்துக்கொண்டு கல்லாகச் சமைந்தார். மாஸ்டரே சுற்றிச் சுற்றி வந்து, "இன்னிக்குத்தான் உட்கார வேண்டிய மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பை கிழிந்தது.

துணிக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து, மேடையில் வழிந்து, தரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு முன்வரிசையை நோக்கி நடந்தது.

"மாஸ்டர்..." என்று ஒரு மாணவி தயங்கினாள். "ஐயாவுக்கு வெளிய போகணும் போல."

"போயிட்டாரு போல" என்றார் மாஸ்டர்.

வகுப்பு குலுங்கியது. 'ஐஸ்டா பாவிகளா, ஐஸ்!' என்று கத்தக் கிட்டார்க்காரருக்கு நாக்கு துடித்தது. கத்தினால் நெஞ்சு ஏறும், நெஞ்சு ஏறினால் மடிப்பு கலையும். மானம் போனால் போகட்டும், மடிப்பு போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். குளம் பெருகியது. மாணவர்கள் செருப்பைத் தள்ளி வைத்துவிட்டு வரைந்தார்கள்.

"முடிஞ்சுது!" என்று மாஸ்டர் கை தட்டினார்.

சொல்லி வைத்தபடி மனைவியும் மைத்துனனும் வந்து சேர்ந்தார்கள். மைத்துனன் தரையைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

"படத்தைப் பார்த்துட்டுப் பேசுடா" என்றார் கிட்டார்க்காரர், துணிக்குள்ளிருந்து கம்பீரமாக.

பலகைகள் ஒவ்வொன்றாக இவர் பக்கம் திரும்பின.

எல்லாவற்றிலும் வெள்ளைத் துணி. அருவிபோல இறங்கிய மடிப்புகள், நிழல்கள், தொட்டால் நழுவும்போல இருந்த ஓரங்கள். தோளுக்கு மேலே கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல். தலை இருக்க வேண்டிய இடத்தில் வானம். ஒரு படத்தில் புறாகூட இருந்தது. அவர் இல்லை.

"பிரமாதம் அத்தான்" என்றான் மைத்துனன். "நீங்க எங்க?"

"உள்ள இருப்பாருடா" என்றாள் மனைவி, கொஞ்சம் சந்தேகமாக.

கிட்டார்க்காரரின் கை தானாக முழங்கையைத் தேடிப் போனது. மாஸ்டரைக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ஒரு தச்சர் உள்ளே வந்தார். தோளிலிருந்த உயரமான மர ஸ்டூலை இறக்கி வைத்து, ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

"கால் ஒட்டியாச்சு மாஸ்டர், இனிமே சத்தியமா அசையாது. இது வர்ற வரைக்கும் யாரோ ஒரு ஆளை உட்கார வச்சு மேல துணியைப் போட்டிருந்தீங்களாமே, அவரை எழுந்திரிக்கச் சொல்லுங்க."