நாலு வரிக்குள் அடங்காத அயோடின்

புலாவ் செபாங்,
24 ஆகஸ்டு 1955

பெருமதிப்பிற்குரிய பத்திராதிபர் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் புலாவ் செபாங் நிருபர் ரங்கசாமி வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் சைக்கிளும் சுகம். தாங்களும், அச்சுக்கோப்பவர்களும், போன மாதம் விரலை நசுக்கிக்கொண்ட இயந்திரக்காரரும் சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை நடந்த ரசாயனக் காட்சியைப் பற்றி நாலு வரி ஏன் இன்னும் வரவில்லை என்று தாங்கள் அடித்த தந்தி நேற்றுக் கிடைத்தது. பதினெட்டு வருஷத்தில் தாங்கள் நாலு வரி கேட்ட இடத்தில் நான் ஐந்து வரி கொடுத்ததில்லை. இந்தத் தடவை எந்த வரியில் நிறுத்துவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வெட்டுவது தங்கள் பாடு.

பள்ளிக்கூடம் ஒரே அறை. ஆறு வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே டீச்சர். பெயர் சுசீலா. காலை ஒன்பதரைக்குத் தொடங்கினார்கள். சின்னதுகளுக்குச் செம்பருத்திப் பூவைத் தேய்த்த காகிதமும் எலுமிச்சம் பழமும் சவர்க்காரத் தண்ணீரும். பழச்சாறு பட்ட இடம் சிவந்தது, சவர்க்காரம் பட்ட இடம் பச்சையானது. நடு வகுப்புகளுக்கு ஒரு மங்கு ரப்பர்ப் பாலும் இரண்டு சொட்டு ஆசிட்டும். பால் உறைந்ததும், "இத எங்கம்மா டெய்லி பாக்குறாங்க லா டீச்சர்," என்று ஒரு குரல் வந்தது. "சரி, ஏன் உறையுது?" என்றார் டீச்சர். ஒருவருக்கும் தெரியவில்லை. இருபது வருஷமாக ரப்பர் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்குமாம். ஆசிட் வந்து அந்தப் பகையைத் தீர்த்துவிட்டால் உடனே கட்டிக்கொள்ளுமாம். இதைக் குறிப்பேட்டில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். பெரிய வகுப்புக்கு அயோடின். உப்பிலும் சீனியிலும் விட்டால் பழுப்பு பழுப்பாகவே இருக்கிறது. அரிசியில் விட்டால் கருநீலம். ஒன்றாம் வகுப்புச் சாந்தி தனக்கும் அதுதான் வேண்டுமென்று அழுதாள். அடுத்த வருஷம் என்று சமாதானம் சொல்லி வைத்தார்கள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, தோட்டத்து கேட்டைக் காக்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மணியம் துப்பாக்கியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், அரிசி கண்ணுக்குத் தெரியாட்டியும் அந்த மருந்து காட்டிக் குடுக்குமா?" என்று கேட்டார். காலையிலிருந்து பெரியவர்களில் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு பொட்டு மாவு ஒட்டியிருந்தாலும் காட்டும்ண்ணே," என்றார். மணியம் ஒரு சின்னப் பாட்டிலில் கொஞ்சம் இரவல் கேட்டார். கொடுத்தார்கள்.

காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று, விடியற்காலை கேட்டைத் தாண்டும் பால்வெட்டுக்காரர்கள் ஒரு மணி அரிசிகூட எடுத்துப் போக முடியாத சட்டம் தங்களுக்குத் தெரிந்ததே. வெறும் தேத்தண்ணிதான். பகல் ஒரு மணிக்குத் திரும்பும்போது சோதனை கிடையாது. அன்றைக்கு மணியம் திரும்பி வந்த பன்னிரண்டு பெண்களை வரிசையாக நிறுத்தி, தலைத்துண்டில் ஆளுக்கொரு சொட்டு விட்டார். பதினோரு துண்டு பழுப்பு. இருசம்மாளின் துண்டு கருநீலம். பதினோரு பேரும் ஆளுக்கொரு பக்கம் லயத்து வீடுகளுக்கு நடையைக் கட்டிவிட்டார்கள்.

"இருசம்மாக்கா, துண்டு நீலமாயிடுச்சு. அரிசி எங்க போச்சு?"

"நீ ஊத்துன மருந்து. அதையே கேளு."

"இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"அதையும் அந்தப் பாட்டில்கிட்டயே கேளு லா."

அந்தம்மாள் வாய் குறையவில்லை. ஆனால் காட்டுக்குச் சோறு கொடுத்ததாக எழுதிவிட்டால் விசாரணையில்லாமல் உள்ளே வைக்கலாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். புருஷன் இறந்து மூன்று வருஷம். அதற்குள் செய்தி எட்டி டீச்சர் கையில் சாக்பீஸ் தூளோடு ஓடிவந்தார், பின்னால் பெரிய வகுப்பு, அதன் பின்னால் கூப்பிடாமலே சின்ன வகுப்பு. கஞ்சி போட்ட துணியும் நீலமாகும் என்று டீச்சர் சொன்னார். மணியம், "ரிப்போர்ட் எழுதிட்டேன் டீச்சர். இனி இன்ஸ்பெக்டர்கிட்டதான் சொல்லணும்," என்றார்.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஜீப் வந்தது. இறங்கிய வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரின் காக்கிக் கால்சட்டை, அவர் உட்கார்ந்தாலும் அது நிற்கும் போல விறைத்திருந்தது. ஆறாம் வகுப்புப் பையன்கள் கஞ்சித் துணி விஷயத்தை மனப்பாடம் செய்த மலாயில் விளக்கத் தொடங்கினார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்பதுக்கு, யாரோ பிடித்திருக்கச் சொன்ன சொட்டுக்குழாயோடு நின்ற சாந்தி, ஒருவரையும் கேட்காமல் அவர் தொடைப்பக்கம் ஒரு சொட்டு விட்டாள். பத்துக் காசு அகலத்துக்கு நீலம் பரவியது. தடுக்கக் குனிந்த மணியத்தின் காலரில் ஒன்று. என் சட்டையில் ஒன்று. மூன்றும் நீலம்.

"டீச்சர், இவங்க எல்லாரும் அரிசி கடத்தியிருக்காங்க," என்றாள்.

இன்ஸ்பெக்டர் மணியத்தை மொழிபெயர்க்கச் சொன்னார். மணியம் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு மெதுவாக மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் தன் கால்சட்டையைப் பார்த்தார், காலரைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார். "லெப்பாஸ்," என்றார். விட்டுவிடு என்று அர்த்தம். பிறகு, கறை போகுமா என்று டீச்சரிடம் கேட்டார். எலுமிச்சம் பழம் தேய்த்தால் போகும் என்றார் டீச்சர். சின்ன வகுப்பு முழுவதும் காலையில் மிச்சமான தோல்களோடு அவர் கால்சட்டையைச் சூழ்ந்துகொண்டது. நீலம் கண்ணெதிரே மறைந்தது. ஏன் மறைகிறதென்றும் கேட்டு வைத்திருக்கிறேன். தாங்கள் விரும்பினால் தனியாக எழுதுகிறேன்.

ஆகவே இதை நாலு வரியாக மூன்றாம் பக்கத்தில் போடாமல், "நிரபராதியைக் காத்தது விஞ்ஞானம்" என்ற தலைப்பில் முதல் பக்கத்தில் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு விவரமும் நான் நேரில் கண்டது.

தங்கள் இல்லத்தாருக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசியும், காரியாலயத்தார் யாவருக்கும் அன்பும் உரித்தாகுக.

தங்கள் விசுவாசமுள்ள,
ரங்கசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், சாமான் வாங்கப் பாசாருக்கு வந்த இருசம்மாள் எட்டிப் பார்த்தார். பெருமையோடு முழுவதையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு அண்ணே. பால்மரம் வெட்டப் போற துண்டுக்கு எவ கஞ்சி போடுவா?" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். "வறுத்த அரிசி மாவு ரெண்டு பிடி, துண்டுக்குள்ள முடிஞ்சு கொண்டுபோனேன். பத்து மணிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. வாளியோட விழுந்தா யாரு தூக்குறது? தண்ணியில கரைச்சு நாந்தான் குடிச்சேன்." டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "முதப் பழத்த டீச்சர் என் துண்டுலதான தேச்சாங்க. நீங்கள்லாம் தொரை கால்சட்டையப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

எனவே, வழியில் யாரும் பிரித்துப் படித்துவிடக் கூடாதென்று, இதைத் தபாலில் சேர்க்காமல் லாரிக்காரர் சின்னத்தம்பியிடம் கையோடு கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடவும். பத்திரிகையில் அந்த நாலு வரி இடத்துக்குப் பாச்சாங் ஊர்ப் பந்தாட்ட முடிவை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆட்டம் நான் பார்க்கவில்லை.