மூளைக்கட்டிக்கு ஒரு ஃபிளெக்ஸ்

“மூளைக்குள்ள என்னத்தா சூழல்? உள்ள மரம் நட்டா வச்சிருக்காக?”

பெங்களூரில் எனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த அன்று பெரியப்பா கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடந்த முதல் ஆள் நான். (முதல் ஆளுக்கு ஒரு தொல்லை உண்டு: எல்லாவற்றையும் அவளே விளக்க வேண்டும்.) ஆய்வுத் தலைப்பு, ‘மூளைக்கட்டிக் குருத்தணுக்களின் நுண்சூழல்’. வாழையை வைத்தே சொன்னேன்.

“மரத்தச் சாய்ச்சாலும் கிழங்குலருந்து பக்கக்கன்னு வருதுல்ல பெரியப்பா? அது மாதிரி, கட்டிய வெட்டி எடுத்தாலும் மிஞ்சின குருத்தணுவுலருந்து மறுபடி முளைக்குது. சுத்தி இருக்கிற ரத்தக்குழாயும் மத்த அணுக்களும் அதுக்கு உரம் போடுது. அந்தச் சுற்றுப்புறத்தத்தான் ஆராயப் போறேன்.”

“களை வெட்டுற சோலிதான? அத இங்கனயே நம்ம தோட்டத்துல பாக்கலாம்ல.”

அவர் சம்மதிக்காமல் எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிகூட வெளியூர் போகாது. கெஞ்சிக் கெஞ்சி அவரைப் பாதி இறங்கி வர வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சின்னமனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ் வைத்தார்.

‘மூளைக்கட்டி’ லாரிச் சக்கரம் அளவுக்கு. ‘குருத்தணுக்களின் நுண்சூழல் ஆராய்ச்சிக்காக’ எறும்பு அளவுக்கு. நடுவில், கண் பாதி மூடிய என் கல்லூரி அடையாள அட்டைப் படம். அடியில், ‘செல்வி பாண்டீஸ்வரியைக் கண்ணீருடன் வழியனுப்பும் குடும்பத்தார்’.

“கண்ணீரு எதுக்குப்பா?”

“நீ போனா அழுகை வரும்லத்தா!”

மதியத்துக்குள் வீடெல்லாம் சாத்துக்குடி. அத்தை என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“தலவலி இருக்காத்தா?”

“இப்பத்தான் வந்திருக்கு.”

“ஐயோ, ஆரம்பிச்சிருச்சே!”

(மறுபடி விளக்கினேன். வாழையிலிருந்து தொடங்கினேன். “புள்ளைக்குப் பேச்சு தடுமாறுது” என்றார்கள்.)

பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். “பேர எழுதுனதுக்கே ஊரு அழுகுது. இந்தப் படிப்பு வேணாம்.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “சரி, போகல. இங்கனயே இருக்கேன். பிளெக்ஸப் பாத்தவுக எல்லாம், நோவு நெசந்தான், முத்திப்போய்ப் படுத்துட்டாம்பாக. அப்புறம் நோவுள்ள குடும்பம்னு உங்க மகனுக்கு யாரு பொண்ணு குடுப்பாக?”

பெரியப்பா முதன்முறையாக நுண்சூழலைப் புரிந்துகொண்டார்.

“மொதப் பஸ்ஸுக்குக் கெளம்புத்தா” என்றார்.

இன்றும் போன் செய்தால், “கட்டி எப்படி இருக்கு?” என்றுதான் தொடங்குகிறார். “நல்லா வளருது பெரியப்பா” என்கிறேன். (ஆய்வகக் கிண்ணத்தில் வளர்கிறது, பொய்யில்லை.) பட்டம் வாங்க இன்னும் நாளிருக்கிறது. அதற்கான ஃபிளெக்ஸை மட்டும் நானே எழுதி, அச்சடித்து, சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். ‘முனைவர் பாண்டீஸ்வரி’. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.