ஏழாம் மாடிப் புரட்சி வீடியோ

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி வீடியோ பார்ப்பதில்லை. இனி நானே வீடியோ. கெய்ரோ நகரத்தைத் திருத்தாமல் ஓய்வதில்லை.

கோபம் சும்மா வரவில்லை. என் கைப்பேசி ஊட்டி வளர்த்த கோபம் அது. கண் விழித்தால், 'இந்த நகரம் உங்களைக் கொல்கிறது' என்று ஒரு வீடியோ. பல் தேய்த்தால், 'மனிதனுக்கு இனி வேலையில்லை, எல்லாம் செயற்கை நுண்ணறிவு' என்று இன்னொன்று. மசித்த மொச்சையை ரொட்டியில் வைப்பதற்குள், 'சமுதாயம் ஏன் அழுகிவிட்டது, மூன்றாம் பாகம்'. நான் எதையும் தேடவில்லை. எல்லாம் பரிந்துரை. வீட்டில் பரிந்து உரைக்க ஆளில்லாதவனுக்குக் கைப்பேசிதானே பரிந்துரைக்க வேண்டும்?

பார்த்துப் பார்த்து எனக்கு எல்லார் மேலும் கோபம். ஹாரன் அடிக்கும் மைக்ரோபஸ்காரன் மேல் கோபம். நடைபாதையில் நாற்காலி போட்ட காபிக்கடைக்காரன் மேல் கோபம். மேம்பாலம் கட்டியவன் மேல் கோபம். கட்டாமல் விட்டவன் மேலும் கோபம்.

என் மனைவி இப்திசாமுக்கும் கோபம் வரும். ஆனால் அவள் சிக்கனக்காரி. மொத்தத்தையும் ஒரே ஆள்மேல்தான் செலவழிப்பாள்.

காரணம், லிஃப்ட். கெய்ரோவின் சுப்ரா வட்டாரத்தில் எங்கள் கட்டடம் ஏழு மாடி. நாங்கள் இருப்பது ஏழாவதில். ரமலானுக்கு முன்னால் நின்ற லிஃப்ட், பக்ரீத் போன பிறகும் அசையவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் யார்? அடியேன்தான்.

மெக்கானிக் வரத் தயாராகத்தான் இருந்தான். நான்தான் விடவில்லை. ஒரு வீடியோவில், முகத்தைப் பார்த்தே மாடியைத் தெரிந்துகொள்ளும் லிஃப்டைக் காட்டினார்கள். பட்டனே கிடையாது. ஆளைப் பார்த்ததும் பெயர் சொல்லி ஸலாம் சொல்கிறது. அதைப் பார்த்த கண்ணால் எங்கள் துருப்பிடித்த கூண்டைப் பார்க்க முடியுமா? "பிணத்துக்கு எதுக்கு வைத்தியம்? ஸ்மார்ட் லிஃப்ட் வரட்டும்" என்று சங்கத்தில் அடித்துச் சொல்லிவிட்டேன்.

இப்திசாம் சந்தையிலிருந்து வந்தாள். ஒரு கையில் வெங்காயமும் வெள்ளரிக்காயும். இன்னொரு கையில் மொலோகியா கீரைக்கட்டு. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி குடிக்கிறியா?" என்றேன் அன்பாக.

"மொதல்ல மூச்சு வரட்டும். தண்ணிய அப்புறமா உங்களுக்கு ஸலாம் சொல்ற லிஃப்டுகிட்ட வாங்கிக் குடிச்சுக்கறேன்."

"ஆரம்பிச்சுட்டியா?"

"அஞ்சாம் மாடி மதாம் இஸ்மத்தைப் பாத்தேன். பால்கனியிலேருந்து கயித்துல கூடை இறக்கி ரொட்டி வாங்கறாங்க. முட்டி ஆபரேஷன் ஆனதுலேருந்து தெருவை மிதிக்கல அந்தம்மா. போன வாரம் கூடப் பொறந்த தங்கச்சி செத்துப்போச்சு. நாலு தெரு தள்ளி. முகம் பாக்க முடிஞ்சுதா? பால்கனியில நின்னு அழுதாங்க, தலைவரே. தெருவே அண்ணாந்து பாத்துது."

"பொறு இப்திசாம். ரெண்டே வருஷம். செயற்கை நுண்ணறிவு வந்துட்டா..."

"அது வர்ற வரைக்கும் இருக்கிற அறிவை வெச்சு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் நகரத்தைப் பத்தி யோசிச்சுக்கிட்டிருக்கேன். நீ லிஃப்டைப் பத்திப் பேசற! பதவியில உக்காந்துக்கிட்டு ஒண்ணும் செய்யாதவனையெல்லாம் கிழிச்சு இன்னைக்கு வீடியோ போடப் போறேன்!"

அவள் என்னையே பார்த்தாள். முகத்திலிருந்த கோபம் மெல்ல மறைந்தது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

"நான் எடுக்கட்டுமா?" என்றாள்.

பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்றேன். பின்னால் சுப்ராவின் டிஷ் ஆன்டெனாக் காடு. முழங்கினேன். பாலம், பாதை, குப்பை, ஹாரன், ஒன்றையும் விடவில்லை. எதிர்வீட்டுப் புறாக்கள் எழுந்து பறந்தன.

"பிரமாதம்," என்றாள் இப்திசாம். "ஆனா, திட்டறதை எல்லாரும்தான் திட்டறாங்க. பாக்கறவன் அழ வேண்டாமா? பதவியில இருக்கிற அந்த உதவாக்கரையாவே நடிச்சுக் காட்டுங்க. மனசு திருந்தி விலகற மாதிரி."

பள்ளிக்கூட நாடகங்களில் மரமாகவே நின்றவன் நான். முதல்முறையாக வசனம் கிடைத்திருக்கிறது. விடுவேனா?

"மக்களே! நாற்காலியைத் தேய்த்ததைத் தவிர நான் ஒன்றுமே செய்யவில்லை! உங்கள் கஷ்டம் என் கண்ணில் படவில்லை! இந்த நொடியே பதவி விலகுகிறேன்!"

"கடைசியில ஒரு பொம்பளைக்கு மரியாதை குடுத்தா நெறையப் பேர் பாப்பாங்க," என்று கிசுகிசுத்தாள்.

"என் பொறுப்பை ஒரு பெண்ணிடம் கொடுங்கள்! என் வீட்டுப் பெண்ணிடமே கொடுங்கள்!"

நிஜமாகவே கண்ணீர் வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஜும்ஆ தொழுகை முடித்து, காபிக்கடையில் நாலு பேரிடம் என் வீடியோவைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். கட்டட வாசலிலேயே இரண்டாம் மாடி பவுஸி கட்டிப்பிடித்துக்கொண்டார். கன்னத்துக்கு இரண்டு முத்தம்.

"உஸ்தாத் ரிஃபாத்! அழ வெச்சுட்டீங்களே! இந்தக் காலத்துல எவன் தானா நாற்காலியை விடறான்?"

"எந்த நாற்காலி?"

கைப்பேசியை நீட்டினார். எங்கள் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழு. அதில் நான். பாலம் இல்லை, பாதை இல்லை, குப்பை இல்லை. விலகலும் கண்ணீரும் மட்டும். கீழே வரிசையாக இதயங்கள். 'மதாம் இப்திசாம் தலைவரானதில் முழுச் சம்மதம்' என்று எல்லா மாடியும் எழுதியிருந்தது. லிஃப்ட் கூண்டுக்குள்ளிருந்து மெக்கானிக்கின் சுத்தியல் சத்தம் கேட்டது.

ஏழு மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

"துரோகி! அது நடிப்பு!"

"அப்படியா? அப்ப இத்தனை நாளா தலைவரா இருந்தீங்களே, அது?"

"உடனே குழுவுல உண்மையைச் சொல்லு!"

"நீங்களே சொல்லுங்க. 'நான் திருந்தல, விலகல, லிஃப்டை ஓட விடமாட்டேன்'னு ஒரு வீடியோ. நானே எடுக்கறேன். கோட்டைப் போட்டுக்கங்க." சட்டென்று அவள் குரல் உயர்ந்தது. "ஒவ்வொரு படியிலயும் நின்னு கத்தியிருக்கேன் ரிஃபாத். உங்க காதுல விழல. கேமராவைக் காட்டின பிறகுதானே வாய் உண்மை பேசிச்சு?"

கதவை அறைந்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

வெயில் தாழ்வதற்குள் லிஃப்ட் ஓடியது. ஏதோ ஒரு சின்னச் சக்கரம்தான் தேய்ந்திருந்ததாம். முதலில் இறங்கி வந்தவர் மதாம் இஸ்மத். கறுப்பு உடை. பவுஸியின் மனைவி கையைப் பிடித்திருந்தாள். தங்கை வீட்டுக்குப் போகிறாராம். வாசல்படியில் ஒரு கணம் நின்று, தெருவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என்னைக் கண்டதும், "உங்க பெரிய மனசுக்கு அல்லா நல்லது செய்யட்டும்" என்றார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லாம் திரும்பி என்மேலேயே வந்து விழுந்தது.

ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. என்னைப் பதவியிலிருந்து தூக்கிய லிஃப்ட் என்னை மாடிக்கும் தூக்க வேண்டாம். திறந்த கதவை ஒரு முறை முறைத்துவிட்டுப் படியில் கால் வைத்தேன். நான்காம் மாடியில் இருமினேன். ஆறாம் மாடியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டேன். ஏழாம் மாடியில், ஒரு வெற்றி வீரனைப்போல வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பூட்டியிருந்தது. என்னைச் சமாதானப்படுத்திக் கூட்டிவர இப்திசாம் சாவியோடு லிஃப்டில் கீழே போயிருந்தாள்.