பூசைக்கு வந்த புலி

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் புலி மறுபடியும் வந்திருந்தது.

சுல்மா வெளியே நின்று ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜாகுவாரை அந்த ஊரில் புலி என்றுதான் சொல்வார்கள். அதன் கழுத்தில் அவள் கட்டிய ரேடியோப் பட்டையின் 'டிக் டிக்' மாதா கோயிலுக்குள்ளிருந்துதான் வந்தது.

"பேட்டரி போயிருக்கும் டாக்டரம்மா," என்றார் பண்ணை மேஸ்திரி அப்பாரிசியோ, தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

கையிலிருந்த கருவியின் பேட்டரியை மாற்றினாள். மறுநாள் சத்தம் வாலிபால் திடலில் கேட்டது. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக் கேட்டாள். புலி சலூனில் இருந்தது.

சுல்மாவுக்குக் காட்டுயிர்ச் சூழலியலில் இரண்டு பட்டம், அதுக்கும் மேலே முனைவர் பட்டம். அத்தனை படிப்பிலும் அந்தத் தென் அமெரிக்கச் சாக்கோக் காட்டு ஊருக்குப் பயன்பட்டது அவளுடைய ஓட்டுநர் உரிமம்தான். பிரசவமோ பாம்புக்கடியோ, அவள் ஜீப்பை விட்டால் வேறு வண்டி கிடையாது.

வந்த புதிதிலேயே சொல்லியிருந்தாள்: "இந்த ஒரு புலிக்காகத்தான் எனக்கு வேலை. ரெண்டு நாள் பட்டை அசையலைன்னா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம். நான் மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

பட்டை அசைந்துகொண்டுதான் இருந்தது. 'யார் கண்ணிலும் படாமல் மனிதரோடு வாழப் பழகிவிட்டது' என்று தலைநகருக்குச் சொன்னாள். மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம். "படம் எடுக்க ஆள் அனுப்புறேன், புலியைக் காட்டு."

கூண்டு வைத்தாள். முதலில் அப்பாரிசியோவின் நாய் மாட்டியது. அதை விடுவிக்கப் போன அப்பாரிசியோ அடுத்து மாட்டினார்.

"சொல்லிட்டு வெச்சிருக்கலாம்ல டாக்டரம்மா," என்றார், உள்ளே குந்தியபடி.

படம் எடுப்பவர்கள் வரும் நாளும் வந்தது. சுல்மா ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பட்டை கட்டிய அன்று, மயங்கிக் கிடந்த அந்தப் பெண்புலியின் மூச்சு அவள் மணிக்கட்டில் சுட்டது. அப்புறம் அதைப் பார்க்கவே இல்லை. படம் கிடக்கட்டும், ஒரே ஒரு தடவை கண்ணில் பட்டால் போதும் என்றிருந்தது.

திடீரென்று 'டிக் டிக்' பெரிதாகக் கேட்டது. தலை நிமிர்ந்தாள். சமையல்கார எவுலோகியா மரவள்ளிக்கிழங்குச் சூப்போடு வந்துகொண்டிருந்தாள். அவள் எட்டு வைக்க வைக்கச் சத்தம் கூடியது.

"எவுலோகியா, உன் பின்னாடி..."

எவுலோகியா திரும்பிப் பார்க்கவில்லை. சூப்பைக் கீழே வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டே ஏப்ரனுக்குள் கைவிட்டு இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

"கன்னுக்குட்டியை அடிச்சதுன்னு போன மழையிலேயே சுட்டுட்டாங்க டாக்டரம்மா, நீங்க எங்களை விட்டுப் போயிடக் கூடாதேன்னு ஊரே இந்தப் பட்டையை மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு அலையுது... இன்னைக்கு என் முறை."