செல்வி அக்காவின் பாதமும் என் ஆம்புலன்ஸும்

சொந்தக் காலில் நடந்து வந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் அனுப்பிவைத்த பிசியோதெரபிஸ்ட் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான்.

அப்போது புதுச்சேரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். நாள்பட்ட வலி பற்றி எங்களுக்கு இரண்டு பேர் பாடம் எடுத்தார்கள். நோயாளியைப் பயமுறுத்தாதே, பாதி வலி பயத்தில்தான் இருக்கிறது என்பார் ஒருவர். அபாய அறிகுறியைத் தவறவிட்டால் அவருக்கு ஆயுசுக்கும் கால் விளங்காது என்பார் இன்னொருவர். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எப்போது யார் பேச்சைக் கேட்பது என்பதை மட்டும் எழுதவில்லை (அது நடத்தப்பட்ட அன்று நான் லீவு போட்டிருக்கலாம்).

மரக்காணம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். கூட வந்த எங்கள் மேடம், படுத்த படுக்கையாக இருந்த ஒருவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் செல்வி அக்கா வந்தார். விடியற்காலையிலிருந்து உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு, கணவர் ஏழுமலையோடு நேராக வந்திருந்தார். ஆறு வருஷமாக இடுப்பு வலி.

முதலாமவர் சொன்னபடி நன்றாகத் தைரியம் சொன்னேன். சொல்லி முடித்ததும் இரண்டாமவர் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தார். முதுகுத்தண்டின் அடியில் நரம்பு நசுங்கினால் சிறுநீர் சரியாகப் போகாது, கால் மரத்துப்போகும். கேட்டாக வேண்டும். காது சிவக்க, ஒண்ணுக்குப் போவதில் ஏதாவது சிரமமா என்று கேட்டேன்.

"காலைல வீட்ல போறதுதான் தம்பி. அப்புறம் சாயந்தரம்தான்."

பகல் முழுக்கச் சிறுநீர் போவதில்லை என்று மனதில் குறித்துக்கொண்டேன். குண்டூசியை எடுத்து அவர் உள்ளங்காலில் குத்தினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

"எப்ப குத்துவ?" என்றார்.

அவ்வளவுதான். அசையவே கூடாது என்று சொல்லி பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். மேடத்துக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டேன். உயிருக்கு ஏதும் ஆபத்தா என்று ஏழுமலை கேட்டார். "அப்படியெல்லாம் இல்லீங்க. ஆனா இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றேன் (இதைவிட மோசமான ஒரு பதிலை இன்றுவரை என்னால் யோசிக்க முடியவில்லை). அவர் சொந்தக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் வாசலில் பத்துப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் அக்காவின் பாதத்தைத் தடவிப் பார்த்தார். உப்பளத்தில் வேலையா என்று கேட்டார். பிறகு ஊசியைப் பாதத்தின் மேல்பக்கம் லேசாக வைத்தார். அக்கா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வருஷக்கணக்காக வெறுங்காலோடு உப்பை மிதித்து உள்ளங்கால் காய்த்துப்போயிருந்தது. சாயந்தரம் வரை ஏன் அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு அக்கா சொன்னார்:

"எங்க போறது மேடம்? வெட்டவெளி. சுத்தி ஆம்பளைங்க. அதனாலயே நான் தண்ணியும் குடிக்கறதில்ல."

நரம்பில் ஒரு கோளாறும் இல்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்பை மும்முரமாகப் படித்தேன்.

முகாமுக்குத் திரும்பியதும் எங்கள் மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சந்தேகம் வந்து அனுப்புனது தப்பில்ல. இன்னும் ரெண்டு கேள்வி கேக்காததும், அவங்கள பயமுறுத்துனதும்தான் தப்பு" என்றார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பயம் எவ்வளவு வேலை செய்திருந்தது என்பது அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த மனுஷி, கீழே கிடந்த துடைப்பத்தைக்கூட ஒரு வாரமாகக் குனிந்து எடுக்கவில்லை. தாராளமாகக் குனியலாம் என்று நான் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அன்னிக்கு அசையாதன்ன. இன்னிக்குக் குனிங்கிற. நான் எந்தத் தம்பி பேச்சக் கேக்கறது?"

எனக்கே தெரியவில்லை. அதனால் அவர் பக்கத்தில் நின்று நானும் குனிந்தேன். அவர் முழங்கால் வரை குனிந்தார். அதற்கடுத்த சனிக்கிழமை கணுக்கால் வரை. இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். வலி குறைந்தது, முழுசாகப் போகவில்லை. உப்பள ஓரம் ஒரு கழிப்பறை கேட்டு நானும் மேடமும் எழுதிக்கொடுத்த மனு எந்த மேஜையில் இருக்கிறதோ தெரியவில்லை.

இவ்வளவையும் வானூரில் எங்கள் வீட்டில் சொன்னது நான் செய்த அடுத்த முட்டாள்தனம். இப்போது எனக்கென்று தனி கிளினிக் இருக்கிறது, பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறது. இருந்தும் காலையில் பாத்ரூம் கதவை யாராவது தட்டினால், உள்ளே இருக்கும் என் தங்கை நிதானமாகச் சொல்கிறாள்:

"அவ்ளோ அவசரம்னா அண்ணங்கிட்ட சொல்லு, ஆம்புலன்ஸ் வரவழைக்கும்."